விசாவுக்கு யார் விலை கொடுப்பது?

கடல் கடந்து ஆள் எடுக்கும் ஒவ்வொரு முதலாளியும் தன் நாட்டுச் சர்க்காரிடம் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். இந்த ஆளை நான் வரவழைக்கிறேன். இவனுக்குச் சம்பளம் கொடுப்பது என் பொறுப்பு. இருக்க இடமும் நோய்க்கு வைத்தியமும் என் பொறுப்பு. வேலை முடிந்தபின் ஊருக்குத் திருப்பி அனுப்புவதும் என் பொறுப்பு என்பதே அந்தக் கையெழுத்தின் பொருள். அதற்குப் பிறகுதான் விசா கிடைக்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து விவசாயத் தொழிலாளியின் மகன் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்படுகிறான். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அடுப்பு எரிய வேறு வழியில்லை, அதனால் போகிறான். அவன் பையில் விசா இருக்கிறது. வீட்டில் கடன் பத்திரம் இருக்கிறது. முதலாளி போட்ட கையெழுத்தைப் பற்றி அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவன் போட்ட கையெழுத்தை மட்டும் வட்டிக்காரன் மாதந்தோறும் வாசலில் வந்து நின்று ஞாபகப்படுத்துகிறான்.

இந்த விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். ஆள் வேண்டும் என்று கேட்பவன் முதலாளி. அந்த ஆளின் உழைப்பில் லாபம் எடுப்பவனும் முதலாளி. ஆகவே ஆளை வரவழைக்கும் செலவு முழுவதும் முதலாளியையே சேர வேண்டும். அந்தச் செலவு தொழிலாளியின் தலையில் கட்டப்படும்வரை, முதலாளிக்கு விதிக்கப்பட்ட மற்றக் கடமைகள் எல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? விளக்குகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். சட்டமே இல்லாத ஊர் என்று அதை யாரும் சொல்ல முடியாது. அயல்நாட்டுத் தொழிலாளரை வேலைக்கு வைப்பது பற்றி 1990ஆம் ஆண்டிலிருந்து அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஒர்க் பர்மிட்டில் ஒருவனை வரவழைக்கும் முதலாளி, அந்த ஒரு ஆளுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் ஜாமீன் கட்ட வேண்டும். மாதாமாதம் சர்க்காருக்கு லெவி கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டட வேலையில் தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கு மாதம் 500 டாலர், அடிப்படைத் தேர்ச்சி மட்டும் உள்ளவனுக்கு 900 டாலர் என்று லெவி நிர்ணயிக்கப்பட்டது. இந்த லெவியில் ஒரு காசைக்கூடத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

வைத்திய இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியவனும் முதலாளிதான். 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 60,000 டாலருக்குக் குறையாமல் அந்த இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று விதி. மனிதன் தங்கத் தகுந்த இடம் கொடுக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளத்தைப் பட்டுவாடா செய்ய வேண்டும். விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். வேலையில் அடிபட்டால், யார் தவறு என்ற விசாரணைக்குக் காத்திராமல் நஷ்டஈடு பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஊர் திரும்பும் செலவு முதலாளியுடையது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை அவன் கையிலிருந்து பறித்து வைத்துக்கொள்வது குற்றம்.

இன்னொரு விதியையும் பாருங்கள். வேலை கொடுப்பதற்கோ, பர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ தொழிலாளியிடம் முதலாளி கமிஷன் வாங்கினால் 30,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. படித்தால், தொழிலாளிக்கு என்ன குறை என்றுகூடத் தோன்றும். நடப்பது என்ன?

கடன் என்னும் விலங்கு

சிங்கப்பூரில் உள்ள ஏஜெண்டு தொழிலாளியிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் அங்கே வரம்பு உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம்; எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இந்த விதி சிங்கப்பூர் எல்லையோடு நின்றுவிடுகிறது. நம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, "மூணு மாசத்துல அனுப்பிடுறேன், பணத்த ரெடி பண்ணு" என்று பேரம் பேசும் ஆளை அது தொடுவதில்லை. தேர்ச்சிப் பயிற்சிக்கு ஒரு தொகை, பரீட்சைக்கு ஒரு தொகை, பர்மிட்டுக்கு ஒரு தொகை, டிக்கெட்டுக்கு ஒரு தொகை என்று எல்லாம் இங்கேயே கறந்தாகிவிடுகிறது. ரசீது இல்லை. சாட்சி இல்லை. இப்படிக் கறக்கும் பணத்தில் அங்குள்ள முதலாளிக்கும் அவன் மானேஜருக்கும் பங்கு போனால், அதைக் கண்டுபிடிப்பது யார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவன் 3 லட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டு புறப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். ஓராண்டில் 1,08,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். சாப்பாடும் டெலிபோனும் போக மிச்சம் பிடித்து, வட்டி கட்டி, அசலை அடைத்து, அதற்குமேல் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் சேர்வதற்குள் ஒப்பந்தக் காலம் முடிந்துவிடும். அதாவது முதல் இரண்டு ஆண்டு அவன் தனக்காக உழைக்கவில்லை. ஏஜெண்டுக்காகவும் வட்டிக்காரனுக்காகவும் உழைக்கிறான்.

பணநஷ்டம் இதில் ஒரு பாதிதான். மறுபாதி அதைவிடக் கொடியது. கடன்பட்ட தொழிலாளி வாய் திறக்க மாட்டான். ஓவர்டைம் கூலி வரவில்லையா? பேசாமல் இருப்பான். சாரத்தில் பாதுகாப்புக் கயிறு இல்லையா? ஏறுவான். கை நசுங்கியதா? இரண்டு நாள் ஓய்வு என்று சொல்லி மறைத்தால் அதற்கும் தலையாட்டுவான். ஏன்? எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் முதலாளி பர்மிட்டை ரத்து செய்ய முடியும். பர்மிட் போனால் விமானம் ஏற வேண்டும். ஊரில் இறங்கினால் கடன்காரன் காத்திருக்கிறான். முதலாளி அடிக்க வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். தொழிலாளியின் வீட்டில் இருக்கும் கடன் பத்திரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆகவேதான் சொல்கிறோம்: இன்சூரன்ஸ், நஷ்டஈடு, சம்பளச் சீட்டு என்ற உரிமைகளைக் கேட்டு வாங்கும் தெம்பைக் கடன் தின்றுவிடுகிறது. புகார் கொடுக்க ஆளில்லாத இடத்தில் சட்டம் இருந்தென்ன, போயென்ன?

பழைய துண்டும் புதிய விசாவும்

இது புதிய கதை அல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் பேரில் கங்காணி எழுதிவைத்த கடன் எவ்வளவு என்று அந்தச் சீட்டு சொல்லும். அந்தக் கடனைத் தீர்க்க ஒரு தோட்டம் முன்வந்தால்தான் அவன் இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினோம் என்றார்கள் துரைமார்கள். கடனோடு ஆளும் கைமாறினான். 1921ல் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

மலேயாவில் நடந்ததையும் நினைவுபடுத்துகிறோம். 1907ல் அங்கே தமிழ்க் குடியேற்ற நிதி என்ற ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தாங்கள் வைத்திருக்கும் இந்தியத் தொழிலாளரின் எண்ணிக்கைக்குத் தக்கபடி அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பல் கட்டணமும் வழிச்செலவும் கொடுக்கப்பட்டன. நாகப்பட்டினம், ஆவடி முகாம்கள் வழியாகக் கப்பலேறியவன் பிரயாணக் கடன் இல்லாமல் அக்கரையில் இறங்கினான்.

வெள்ளைத் தோட்டக்காரனுக்குக் கருணை பிறந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்காகப் பணம் கொடுத்தான். இறங்கியபின் கூலியைக் குறைத்து அதையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தான். அந்தத் தோட்டங்களில் பட்ட கஷ்டத்தை நம் மக்கள் மறக்கவில்லை. கூலித் தகராறு முற்றி, 1938ல் இந்தியச் சர்க்கார் மலேயாவுக்கு உதவிப் பணத்தில் ஆள் அனுப்புவதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. இருந்தும் நாம் கேட்கிறோம்: 1907ல் ரப்பர் தோட்டக்காரன் கட்ட முடிந்த பிரயாணச் செலவை, வானளாவக் கட்டடம் எழுப்பும் இன்றைய கம்பெனியால் கட்ட முடியாதா?

முதலாளிகளின் வாதம்

முதலாளிகள் தரப்பில் மூன்று வாதங்கள் சொல்லப்படுகின்றன.

முதல் வாதம்: லெவி கட்டுகிறோம், ஜாமீன் கட்டுகிறோம், இன்சூரன்ஸ் கட்டுகிறோம், ஆள் எடுக்கும் செலவையும் சுமத்தினால் தொழில் என்ன ஆவது? நாம் சொல்கிறோம்: லெவி சர்க்காருக்குப் போகிறது, தொழிலாளிக்கு அல்ல. ஜாமீன் தொகை, விதி மீறாத முதலாளிக்குத் திரும்பிவிடுகிறது. மில்லில் புதிதாக ஒரு தறி வாங்கினால் அதன் விலையைத் தறி ஓட்டுபவன் சம்பளத்திலா பிடிக்கிறார்கள்? லாரி வாடகையை மூட்டை தூக்குபவன் கொடுக்கிறானா? ஆள் எடுப்பதும் தொழில் நடத்தும் செலவுதான். அதை மட்டும் உழைப்பவன் ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டாவது வாதம்: தொழிலாளி தெரிந்துதானே சம்மதித்தான், யார் கட்டாயப்படுத்தினார்கள்? இதே வாதத்தைப் பண்ணையார்களும் சொன்னார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பண்ணையாளாகச் சேர்ந்தவன் விரும்பித்தான் சேர்ந்தான் என்றார்கள். தஞ்சை மண்ணில் அந்த வாதம் செல்லவில்லை. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித்தர வேண்டியதில்லை என்றே அது விதித்தது. பசித்தவன் போட்ட கையெழுத்தைக் காட்டி நியாயம் பேசுவது நியாயமாகாது என்பதை இந்த நாடு ஏற்றுக்கொண்டு எத்தனையோ காலமாகிறது.

மூன்றாவது வாதம்: செலவை எங்கள் மேல் போட்டால் தமிழனை விட்டுவிட்டு வேறு நாட்டானை எடுப்போம். இது வாதமல்ல, மிரட்டல். வங்காளதேசத் தொழிலாளியும் இதே கடனில்தான் தவிக்கிறான். எல்லா நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரே விதி என்றால் இந்த மிரட்டலுக்கு இடமே இல்லை. 1997ல் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் நிறைவேற்றிய 181ஆம் உடன்படிக்கை, ஏஜெண்டுகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்தது. உலகத் தொழிலாளர் அனைவருக்கும் பொருந்தும் விதி அது. அதற்கு ஒப்புதல் அளிக்க இந்தியா முன்வரவில்லை.

இருப்பிடமும் உயிரும்

தங்கும் இடம் கொடுப்பது முதலாளியின் கடமை என்பது பாய் விரிக்கும் இடத்தைப் பற்றிய பேச்சு அல்ல. உயிரைப் பற்றிய பேச்சு.

2020ல் கொரோனா நோய் சிங்கப்பூரில் புகுந்தபோது, வரிசையாகக் கட்டில் போட்டு ஒரே அறையில் பலரை அடைத்து வைத்திருந்த விடுதிகளில் அது காட்டுத்தீயாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டுச் சர்க்காரே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த 3,23,000 தொழிலாளரில் 47 சதவீதம் பேரை நோய் தொற்றியிருந்தது. அதற்குப் பிறகு, 2021ல்தான், புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது. நோய் வந்து எழுதவைத்த விதி அது!

2024 ஜூன் 12ஆம் தேதி விடியற்காலையில் குவைத் நாட்டின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இந்தியர். தமிழ்நாட்டார் ஏழு பேர். இரவு வேலை முடித்தும், காலை வேலைக்கு எழ வேண்டியும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். சவப்பெட்டிகள் விமானத்தில் கொச்சிக்கு வந்து இறங்கின. தலைவர்கள் மாலை வைத்தார்கள். நிவாரணத் தொகை அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அத்தனை பேரை வைக்கலாமா என்று உயிரோடு இருந்தபோது கேட்க வேண்டியது யார்?

சட்டம் மாறும், மாற்ற வைக்க வேண்டும்

வளைகுடாவில் "கஃபாலா" என்று ஒரு முறை உண்டு. விசா கொடுத்தவனே தொழிலாளிக்குப் பொறுப்பாளி; அவன் சம்மதமின்றி வேறு வேலைக்குப் போக முடியாது, நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது என்பதே அதன் பழைய வடிவம். பொறுப்பு என்ற பெயரில் அது பூட்டாக இருந்தது.

அந்தப் பூட்டு கத்தாரில் தளர்ந்தது எப்படி? 2022ல் உலகக் கால்பந்துப் போட்டி நடத்தக் கத்தார் முன்வந்தது. மைதானம் கட்டும் தொழிலாளர் படும் பாட்டை உலகத் தொழிற்சங்கங்கள் அம்பலப்படுத்தின. 2014ல் சர்வதேச தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதிகள் கத்தார் மீது புகார் கொடுத்தார்கள். நெருக்குதல் வளர்ந்தது. 2018ல் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்றாயிற்று. 2020ல் பழைய முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சில், எந்த நாட்டான் என்று பாராமல், குறைந்தபட்சக் கூலி மாதம் 1,000 ரியால் என்று அமலுக்கு வந்தது. சாப்பாடும் இடமும் கொடுக்காவிட்டால் 300 ரியாலும் 500 ரியாலும் தனி. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. சட்டம் வந்த பிறகும் சம்பளப் பாக்கிப் புகார்கள் வந்தன. ஆனால் மாற்றவே முடியாது என்று சொன்ன முறை மாறியது என்பது உண்மை.

சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டத்தில் 40ஆம் பிரிவு இருக்கிறது. ஆளை வரவழைக்கும் கட்டணம், வசிக்கும் அனுமதி, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பிக்கும் கட்டணம், தாமதித்தால் வரும் அபராதம், ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவை முதலாளியைச் சேர்ந்தவை என்று அது பட்டியல் போடுகிறது. நாம் கேட்கும் நியாயம் எழுத்தில் ஏற்கப்பட்ட நியாயம்தான். தொழிலாளிக்குத் தெரியாமல் இருப்பதால் அது தூங்குகிறது.

சிங்கப்பூரிலும் கட்டடத் தொழிலாளி, பர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில் முதலாளியின் சம்மதமின்றி வேறு முதலாளியைத் தேடிக்கொள்ளலாம் என்ற விதி உண்டு. நல்ல விதி. ஆனால் அந்தச் சில நாட்கள் மட்டும் மனிதனாக இருந்தால் போதுமா? சம்பளம் தராத முதலாளியிடமிருந்து எந்த நாளிலும் விலகும் உரிமை வேண்டும்.

நம் சர்க்காரின் பங்கு

1983ல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு வைக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவன் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடும் செய்யப்பட்டது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூர் சேர்க்கப்படவில்லை. பதிவே இல்லாத சில்லறை ஏஜெண்டுகள் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுப்பதில்லை என்ற கதைதான்.

நம் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஏஜெண்டு மூலம் ஆண்களும் பெண்களும் வருகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அடைந்து கிடக்கிறார்கள். 1979ல் இயற்றப்பட்ட வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு இடப்பெயர்ச்சிப் படியும் பிரயாணப்படியும் கொடுக்க வேண்டும் என்றது. எத்தனை பேருக்குக் கிடைத்தது? சிங்கப்பூரில் நம் பிள்ளைக்கு நியாயம் கேட்டுக்கொண்டு, பக்கத்து ஷெட்டில் இருப்பவனை "வடக்கத்தியான்" என்று ஒதுக்கினால் நம் பேச்சை யார் மதிப்பார்கள்? அவனும் நம் தொழிலாளி. அவனையும் சங்கத்தில் சேர்ப்போம்.

என்ன செய்ய வேண்டும்?

புறப்பட நினைக்கும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். ஐ.பி.ஏ. என்னும் அனுமதிக் கடிதம் தமிழிலும் உண்டு. சிங்கப்பூர் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் பாங்கி மூலம் கொடுங்கள். வேலை செய்த நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சம்பளப் பாக்கிக்கு ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலையை விட்டபின் ஆறு மாதம்தான் கெடு. அடிபட்டால் அன்றே டாக்டரிடம் போய், வேலையில் பட்ட அடி என்று எழுதச் சொல்லுங்கள். பர்மிட் ரத்தானாலும் நஷ்டஈடு கேட்கும் உரிமை ரத்தாவதில்லை.

சர்க்கார்களிடம் நமது கோரிக்கைகள் இவை. ஆள் எடுக்கும் செலவு முழுவதும் முதலாளியுடையது என்று இரு நாட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தொழிலாளியிடம் வாங்கிய பணத்தை வரவழைத்த முதலாளியே திருப்பித்தர வேண்டும். ஏஜெண்டு வாங்கியது எனக்குத் தெரியாது என்ற சாக்கு செல்லக் கூடாது. சம்பளமும் நஷ்டஈடும் தீராமல் எந்தத் தொழிலாளியையும் விமானம் ஏற்றக் கூடாது. வழக்கு முடியும்வரை வேறிடத்தில் வேலை செய்து பிழைக்க வழி விட வேண்டும். சிங்கப்பூர் போகிறவனுக்கும் குடிபெயர்வுச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும். கிராமத்து ஏஜெண்டுகளைப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும்.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மில் சங்கங்களும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஊரிலிருந்து யார் போனார்கள், எந்த ஏஜெண்டு மூலம், எவ்வளவு கொடுத்து, எந்த வேலைக்கு என்று குறியுங்கள். தனியாகப் போகிறவனை ஏமாற்றுவது சுலபம். ஊரே கணக்கு வைத்திருக்கிறது என்று தெரிந்தால் ஏஜெண்டின் குரலும் இறங்கும், தொகையும் இறங்கும்.

பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புகிற தாய், அவன் உழைத்துச் சம்பாதிப்பான் என்று அனுப்புகிறாள். அடகு வைக்க அனுப்பவில்லை. விசாவில் கையெழுத்துப் போட்ட முதலாளி, அந்தக் கையெழுத்துக்குரிய விலையைக் கொடுக்கட்டும்!